இருப்புப் பதிவேட்டில் 42½ தோலா, தராசில் 471 கிராம்: கல்லூரி வெள்ளிக் கோப்பை பற்றி ஒரு சந்தேகம்

பீரோச்சாவி:

வணக்கம். சேலத்தில் ஒரு பழைய கல்லூரியின் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். கீழே படித்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, மிக்சர், காப்பி எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சாவியைக் கையில் வைத்தார். "வெள்ளிப் பீரோ. என் காலத்தில் ஒன்றும் குறையவில்லை. இனிமேல் உன் பாடு அம்மா" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பீரோ பதிவறையில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே மொத்தம் 14 உருப்படிகள். கோப்பைகள் எட்டு, தாம்பாளம் ஒன்று, டீ பாத்திரம், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு ஒரு ஜோடி. யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருக்கிறார். ரப்பர் உருகிப் பிசுபிசுத்து, அது இருந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. கழுவினாலும் போகவில்லை.

பதிவேடுகள் இரண்டு. 1971இல் தொடங்கிய புதிய பதிவேட்டில் "வெள்ளிக் கோப்பை – 8, வெள்ளி டீ பாத்திரம் – 1" என்று இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு எதிரே வருடாவருடம் மார்ச் மாதம் பச்சை மையில், நீல மையில், ஒரு வருடம் பென்சிலில்கூட, "சரி". ஒரு "சரி"க்குப் பக்கத்தில்கூட எடை கிடையாது. நாளைக்கு நான் எட்டு எவர்சில்வர் கோப்பைகளை உள்ளே வைத்துவிட்டுப் போனாலும் அந்தப் பதிவேட்டின்படி எல்லாம் சரிதான்.

பழைய பதிவேடு அப்படியல்ல. 1934இல் ஒரு எழுத்தர் முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்தில் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதியிருக்கிறார். அவர் பெயர் தெரியவில்லை, சுருக்கொப்பம்தான் இருக்கிறது. அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அதில் ஆறாவது வரி: இரண்டு கைப்பிடி வைத்த கோப்பை, மூடியுடன், 42½ தோலா, ஏற்காட்டுக் காப்பித் தோட்ட உரிமையாளர் ஒருவர் ஹாக்கிப் போட்டிக்காகக் கொடுத்தது.

வேதியியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மின்தராசில் வைத்தேன். மூடியோடு 471 கிராம். ஒரு தோலா 11.664 கிராம் என்று கணக்குப் போட்டால் 495.7 வர வேண்டும். ஏறக்குறைய 25 கிராம் குறைகிறது. கூடவே இருந்த ஆய்வக உதவியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாவி என்னிடம் வந்து முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை!

இன்னும் இரண்டு கேள்விகள். கோப்பையின் அடிப்பாகத்தில், கையால் கீறியது போல "15 18" என்று இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இதை 1518ஆம் வருடத்துக் கோப்பை என்றுதான் விருந்தினர்களுக்குச் சொல்லிவருகிறார்கள். ஆண்டு விழா மலரில்கூட அப்படி ஒரு முறை அச்சாகியிருக்கிறது. உண்மையா? அடுத்தது, டீ பாத்திரத்தின் அடியில் நான்கு சின்னக் கேடயங்களுக்குள் முத்திரைகள் இருக்கின்றன. முத்திரை இருந்தால் சுத்த வெள்ளிதானே? ஆனால் மூக்குப் பகுதியில் தேய்ந்து மஞ்சளாக ஏதோ தெரிகிறது. யாராவது மாற்றி வைத்துவிட்டார்களோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.

சர்க்கரைக் கிண்ணத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. சுற்றிலும் சாமி உருவங்கள், நடுவில் மயில்மேல் முருகன். எழுத்தர் அதை "சாமிக் கிண்ணம்" என்றே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

அம்மா, பயப்பட வேண்டாம். மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். எடை குறைந்தால் உடனே திருட்டு என்று சொல்பவன் வெள்ளி வேலை தெரியாதவன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். மூடியின் உச்சியில் பிடித்துத் தூக்கக் குமிழ் இருக்கிறதா, வெறும் ஓட்டை இருக்கிறதா? இந்த மாதிரிக் கோப்பைகளில் குமிழைத் தனியாகச் செய்து, உள்பக்கம் மரை போட்டு முடுக்கியிருப்பார்கள். கழன்று விழுவது முதலில் அதுதான்.

இரண்டாவது, அந்தக் காலத்துத் தோலா. என் தாத்தா எடைக்கல்லாக ரூபாய் நாணயத்தைத்தான் போடுவாராம். ஒரு ரூபாய் ஒரு தோலா, அதனால் "ரூபாய் எடை" என்றே சொல்வார்கள். நாணயம் புதிதாக இருந்தால் கணக்கு கச்சிதம். நூறு கை மாறித் தேய்ந்த நாணயம் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பொடி குறையும். எடைக்கல் லேசானால் பொருள் கனமாகத் தெரியும். உங்கள் எழுத்தர் எந்த ரூபாயைப் போட்டாரோ!

மூன்றாவது, டச் பார்க்கும், அதாவது மெஷினில் வைத்து வெள்ளியின் தரம் சொல்லும் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அந்த மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும். முலாம் பூசிய பாத்திரத்தை வைத்தாலும் 99 என்று காட்டும், ஏனென்றால் முலாமில் படிவது கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. பழைய இங்கிலாந்து வெள்ளி 92½தான் காட்ட வேண்டும். அதைவிட அதிகமாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். உரைகல்லில் உரசவும் விடாதீர்கள், அரம் வைக்கவும் விடாதீர்கள்.

தண்ணீரே போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கோப்பையை நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தராசு காட்டுவது கோப்பை ஒதுக்கிய தண்ணீரின் எடை. 471 கிராம் நல்ல வெள்ளி என்றால் 45, 46 காட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் 54 பக்கம் போகும். மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு இது ஒத்துவராது. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தால் உள்ளே பாரத்துக்குத் தார் போன்ற கீல் ஊற்றியிருப்பார்கள். அவற்றின் மொத்த எடையை வெள்ளி எடை என்று எழுதிவிடாதீர்கள்.

மலைப்பனி:

எங்கள் வீடு ஏற்காட்டில். பனிக்காலத்தில் வெள்ளி விளக்கு ஒரே வாரத்தில் கருத்துவிடும். அலுமினியத் தாளை விரித்துச் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி முக்கி எடுங்கள், புதிதுபோல் ஆகிவிடும். பற்பசையும் நன்றாக வேலை செய்கிறது.

அஸ்தம்பட்டி ஆய்வாளர்:

மலைப்பனி அவர்களே, வீட்டு விளக்குக்குச் சோடா சரி. இந்தக் கோப்பைக்குத் தயவுசெய்து வேண்டாம். செதுக்கிய கோடுகளுக்குள் தங்கியிருக்கும் கறுப்புதான் எழுத்தை எழுத்தாகக் காட்டுகிறது. அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டால் கோப்பை வழுக்கைத் தலைபோல் நிற்கும். பற்பசையோ தேய்க்கத் தேய்க்க வெள்ளியையே தின்னும்.

பீரோச்சாவி அவர்களே, நான் இரண்டு வருடம் ஆக்ஸ்போர்டில் ஆய்வுக்காக இருந்தேன். வெள்ளி என் துறை இல்லை. ஆனால் அங்கே கல்லூரிகளில் வெள்ளியைப் பற்றிப் பேசாமல் யாரும் சாப்பிட்டு முடிப்பதில்லை, அதனால் கொஞ்சம் காதில் விழுந்தது.

உங்கள் 1518 வருடம் அல்ல, எடை. 15 அவுன்ஸ் 18 பென்னிவெயிட். வெள்ளிக்கு ட்ராய் அவுன்ஸ் கணக்கு, ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், அதில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட். பெருக்கிப் பாருங்கள், 494.6 கிராம் வருகிறது. உங்கள் எழுத்தரின் 42½ தோலாவுக்கும் இதற்கும் ஒரு கிராம்தான் வித்தியாசம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே எடையைச் சொல்கிறார்கள். பழைய நாளில் அடியில் இப்படி எடையைக் கீறிவைப்பது வழக்கம். யாராவது சுரண்டி எடுத்தாலோ, துண்டு கழன்றாலோ பாத்திரமே சாட்சி சொல்லும்.

கோப்பையில் முத்திரை இருந்தால் இப்படிப் படியுங்கள். நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீத வெள்ளி. அந்தச் சிங்கம் 1544இல்தான் வந்தது. எனவே சிங்கம் இருந்தாலே 1518 அடிபட்டுப்போகும். பூனை முகம் போன்றது சிறுத்தைத் தலை, லண்டன் என்று பொருள். அதன் தலையில் கிரீடம் இருந்தால் 1821க்கு முந்தியது. பக்கத்தில் ஒரு மன்னரின் தலை இருந்தால் வரி கட்டியதற்கு அடையாளம், 1784 முதல் 1890 வரை மட்டும் குத்தினார்கள். தனியாக ஓர் எழுத்து இருக்கும், அதுதான் வருடம். அது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்த்துச் சொல்லுங்கள். மூடிக்கும் தனியாக முத்திரை இருக்க வேண்டும்.

டீ பாத்திரத்தின் நான்கு கேடயங்களில் இருப்பது ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளாக இருந்தால் தூங்கப் போங்கள். நிக்கல் கலந்த ஜெர்மன் சில்வர்மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம் அது. எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இந்த வகைப் பாத்திரங்கள் குவிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் உண்மை முத்திரை போலத் தெரியட்டும் என்றுதான் எழுத்துகளைக் கேடயத்துக்குள் போட்டார்கள். யாரும் மாற்றி வைக்கவில்லை. 1971இல் "வெள்ளி" என்று எழுதியவர் ஏமாந்திருக்கிறார், அவ்வளவே.

சாமிக் கிண்ணத்தைப் பற்றிக் கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் வெள்ளைக்காரர்களின் மேசைக்காகச் செய்த "சுவாமி வேலை" அது. மவுன்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் இதில் பேர்போனது. அடியில் அவர்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். இங்கே அன்று அரசு முத்திரைச் சோதனை எதுவும் கிடையாது. செய்தவரின் பெயரை நம்புவதுதான் ஒரே வழி. எனக்கு என்னவோ அந்த லண்டன் கோப்பையைவிட இந்தக் கிண்ணம்தான் உங்கள் பீரோவின் ராணி என்று தோன்றுகிறது.

இன்னொன்று. 1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, முதலாம் சார்லஸ் மன்னர் ஆக்ஸ்போர்டில் வந்து தங்கினார். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. 1643 ஜனவரியில் கல்லூரிகளின் வெள்ளியைக் கேட்டு வாங்கி, நியூ இன் ஹாலில் நாணயச்சாலை வைத்து உருக்கிக் காசாக அடித்தார். திருப்பித் தருவதாகச் சொன்னார், எங்கே தருவது. கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பழைய வெள்ளி மட்டும் பெரும்பகுதி தப்பியது. 1517இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஆயர் ரிச்சர்ட் ஃபாக்ஸின் கோல் உட்பட இன்றும் இருக்கிறது. எப்படித் தப்பியது என்பது இன்றுவரை புதிர். மற்றக் கல்லூரிகள் பலவற்றுக்கு மிஞ்சியது பெரும்பாலும் பட்டியல்தான். யார் கொடுத்தது, எத்தனை அவுன்ஸ் என்ற வரிகள். உங்கள் 1971 பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையைக்கூட மனத்தில் வரைந்து பார்க்க முடியாது. 1934 பதிவேட்டை வைத்துக்கொண்டு முடியும்.

பீரோச்சாவி:

நேற்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தேன். சிங்கம் இருக்கிறது. பூனைக்குக் கிரீடம் இருக்கிறது. மன்னர் தலை இருக்கிறது. எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்து என். நான்கு கேடயங்களும் நீங்கள் சொன்ன நான்கு எழுத்துகளேதான். நேற்று இரவு தூங்கினேன்.

பட்டறை அண்ணா, தண்ணீர் 45.6 காட்டியது. ஆய்வக உதவியாளர் இப்போது என்னை மரியாதையாகப் பார்க்கிறார். மூடியில் ஓட்டைதான் இருக்கிறது, குமிழ் இல்லை.

வேறொன்றும் கண்டேன். ஹாக்கிப் போட்டி, 1934 என்று செதுக்கியிருக்கும் இடத்தைத் துடைப்பதற்காக வாயால் ஊதினேன். மூச்சின் ஆவி படிந்து விலகும்போது, அந்த எழுத்துக்கு அடியில் வட்டமாக வேறு ஏதோ மங்கலாகத் தெரிந்து மறைந்தது. மூன்று முறை ஊதினேன். மூன்று முறையும் வந்தது. விரலால் தடவினால் அந்த இடம் மற்ற இடத்தைவிட மெல்லியதாக இருக்கிறது.

அஸ்தம்பட்டி ஆய்வாளர்:

பெரிய எழுத்து என் என்றால் லண்டன், 1808. அங்கே வருட எழுத்து மே மாதம் மாறும், அதனால் 1808–09 என்று எழுதுங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடுவதற்கும் முந்திய கோப்பை. நீங்கள் ஊதிக் கண்டது முதல் சொந்தக்காரரின் குலச்சின்னம். தோட்டக்காரர் பழைய கோப்பையை வாங்கி, சின்னத்தைச் சுரண்டிவிட்டு ஹாக்கி என்று வெட்டச் சொல்லியிருக்கிறார். பழைய வெள்ளியில் இது சகஜம். தேர்ந்தவர்கள் பூதக்கண்ணாடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஊதித்தான் பார்ப்பார்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:

நான் வெள்ளியைப் பற்றிப் பேச வரவில்லை, பதிவேட்டைப் பற்றிப் பேச வந்தேன். அம்மா, கண்டுபிடித்த உற்சாகத்தில் 1971 பதிவேட்டில் "வெள்ளி" என்பதை வெள்ளை மை வைத்து அழித்துவிடாதே. அழித்தால் அதுதான் குற்றம். ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். மேலே "வெள்ளி முலாம்", ஓரத்தில் தேதி, சுருக்கொப்பம், குறிப்புக் கலத்தில் காரணம். பிறகு முதல்வருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வை. 25 கிராம் விஷயத்தையும் அதே குறிப்பில் நீயே எழுது. அடுத்த தணிக்கையில் வேறொருவர் கண்டுபிடிப்பதற்குள் நீ எழுதிவிட்டால் அது தகவல், அவர் கண்டுபிடித்தால் அது புகார்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. உயரம், எடை, முத்திரை, செதுக்கிய வாசகம் எழுத்துப் பிசகாமல், நசுங்கல், கீறல், நான்கு பக்கமும் புகைப்படம். காவல்துறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொதுவாக ஆப்ஜெக்ட் ஐடி என்று ஒரு பன்னாட்டு முறை 1997இல் வந்தது, கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. எண்ணைப் பாத்திரத்தில் பொறிக்காதே, நூலில் அட்டை கட்டு. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருள் தொல்பொருள். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்பதை அந்தக் கோப்பைக்கும், வயது உறுதியானால் சாமிக் கிண்ணத்துக்கும் குறிப்பில் சேர்த்துவிடு. மேலே உள்ளவர்கள் யாராவது பரிசாகக் கொடுக்க நினைக்கும்போது அந்த வரி உதவும்.

பீரோச்சாவி:

ஐயா சொன்னபடி குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே குமிழ் கிடைத்துவிட்டது. அதனால் குறிப்பை இரண்டாவது முறை எழுத வேண்டியதாயிற்று.

கோப்பை பல வருடம் உடற்கல்வி அறையில் இருந்தது என்று பழைய பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. அங்கே போய் மேசை, அலமாரி, விசில் டப்பா, கிழிந்த வலை எல்லாம் புரட்டினேன். ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஓரத்தில் இரண்டு மாணவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பக்கத்தில் எட்டு சிப்பாய்கள். ஏழு மரம். ஒன்று மட்டும் அன்னாசிப் பழத்தைச் சின்னதாகச் செய்தது போல, கரிக்கட்டையாகக் கருத்து நின்றது. "இது எங்கிருந்து வந்தது?" என்றேன். "எப்போதும் இதுதான் மேடம். தொலைந்த சிப்பாய்க்குப் பதில்" என்றான் ஒருவன். ஆட்டம் முடியட்டும் என்று பத்து நிமிடம் நின்றேன். அந்தச் சிப்பாய் எதிர்ப்பக்கம் போய் ராணியாகிவிடும் போலிருந்தது, நல்லவேளையாக வெட்டுப்பட்டது.

அடியில் மரை இருந்தது. பழைய வேட்டித் துணியால் லேசாகத் துடைத்தபோது மரைக்குப் பக்கத்தில் கடுகளவு சிங்கம். மூடியின் ஓட்டையில் வைத்துத் திருகினேன். இரண்டரைச் சுற்றில் உட்கார்ந்துவிட்டது.

குமிழ் 18.9 கிராம். சேர்த்தால் 489.9. கீறிய எடைக்கு இன்னும் 4.7 கிராம் குறைகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

489.9ஐத் தோலாவில் போட்டுப் பாருங்கள் அம்மா. சரியாக 42. அந்த அரைத் தோலா 1934லேயே இல்லை என்பேன். சின்னத்தைச் சுரண்டியபோது போயிருக்கும். உங்கள் எழுத்தர் தேய்ந்த ரூபாயைப் போட்டு 42½ என்று எழுதிவிட்டார்.

அஸ்தம்பட்டி ஆய்வாளர்:

ஏற்க மாட்டேன். அவர் எடையும் அடியில் கீறிய எடையும் ஒத்துப்போகின்றன. தொண்ணூறு வருடம் திருநீறும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் நூற்றுக்கு ஒரு பங்கு போகாதா?

பீரோச்சாவி:

இருவர் சொன்னதையும் குறிப்புக் கலத்தில் அப்படியே எழுதிவிட்டேன். "குறைவு 4.7 கிராம். காரணம்: சின்னம் நீக்கியது அல்லது மெருகிட்டது. எடைக்கல்லாக நாணயம் பயன்பட்டிருக்கலாம்." முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1518 போய்விட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

தணிக்கையாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி பாக்கி. உடற்கல்வித் துறைக்கு ஒரு கறுப்புச் சிப்பாய் வாங்கித் தர வேண்டும். தனியாக ஒன்று கிடைக்கவில்லை, முழுப் பெட்டியாகத்தான் தருகிறார்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?